காட்டுப்பள்ளி: முன்னே கடல், பின்னே கழி

வல்லூரிலிருந்து அத்திப்பட்டுப் புதுநகர் வழியாக, கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து துறைமுகம் போகிறவர்களில் பலருக்குத் தாங்கள் ஒரு தீவுக்குள் நுழைகிறோம் என்பதே தெரியாது. வழியில் பாலம் வரும். கீழே கலங்கிய தண்ணீர், ஓரத்தில் கண்டல் (அலையாத்தி) செடி, மேலே உயரழுத்த மின்கம்பிகள். சென்னையின் வடக்கு எல்லையில் இதெல்லாம் சகஜம் என்று கடந்துவிடுவார்கள். உண்மையில் அந்தத் தண்ணீருக்குக் கிழக்கே இருப்பது காட்டுப்பள்ளித் தீவு. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம், மீஞ்சூர் ஒன்றியத்தைச் சேர்ந்தது. இரண்டு பெரிய துறைமுகங்கள், ஒரு எரிவாயு முனையம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, மீனவக் குப்பங்கள், இருளர் குடியிருப்புகள், சவுக்குத் தோப்புகள் எல்லாம் அதன் மேல் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

தீவு என்றதும் நடுக்கடலில் வட்டமாக மிதக்கும் நிலத்தைக் கற்பனை செய்தால் இந்த இடம் பிடிபடாது. கரையை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் மணல்திட்டு இது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே கடல்நீர் ஏறி இறங்கும் கொசஸ்தலையாற்றின் கழிவெளியும் பக்கிங்காம் கால்வாயும். தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காட்டு முகத்துவாரம். அதற்கும் வடக்கே ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா இதே வகையில் உருவான இன்னொரு மணல்தீவு. அங்கே ஏவுதல் நடக்கும் நாளில் பழவேற்காட்டுக்காரர்கள் கடலுக்குப் போக முடியாது. இந்தக் கரையில் அண்டை வீட்டுக்காரராக இஸ்ரோ இருப்பதன் அன்றாட விலை அது.

தீவின் பின்பக்க எல்லையில் மனிதக் கைக்கும் பங்கு உண்டு. சென்னையிலிருந்து எண்ணூர் வரை உப்புநீர்க் கால்வாய் வெட்டும் வேலை 1806இல் தொடங்கியது. பிறகு அது பழவேற்காட்டை நோக்கி நீண்டது. 1876-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியும் வெட்டப்பட்டு, அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரைப் பெற்றது. அதற்கு முன்பும் இங்கே கழி இருந்தது, ஆறு இருந்தது. கால்வாய் அவற்றைக் கோத்து ஒரே நீர்வழியாக்கியது. அதனால்தான் இன்றைக்கும் எண்ணூர் வழியாக ஏறும் ஓதம், அதாவது கடல் ஏற்றம், வடக்கே போகிறது, பழவேற்காடு வழியாக ஏறும் ஓதம் தெற்கே வருகிறது.

மணல் நடக்கிற கரை

இந்தத் திட்டைக் கட்டியது மணல். கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் கடல்மட்டம் ஏறக்குறைய நிலைகொண்ட பிறகு, ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணலை அலைகள் கரைநெடுக இழுத்துப் போட்டு வளர்த்த வரப்பு இது. அந்த இழுப்பு இன்னும் நிற்கவில்லை. ஆண்டின் பெரும்பகுதியில், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் முழுக்க, அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கி மணலை வடக்கே நகர்த்துகின்றன. வாடைக்காற்று வீசும் சில மாதங்களில் மட்டும் திசை மாறும். சென்னை மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். இரண்டையும் கழித்துப் பார்த்தால் வடக்குப் பக்கம்தான் மிச்சம்: ஆண்டுக்குப் பல லட்சம் கனமீட்டர் மணல்.

இந்தக் கணக்கைச் சென்னை ஒருமுறை நன்றாகப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது; வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் தாண்டி எண்ணூர்வரை கடல் கரையைத் தின்றது. இன்றைக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் போகும்போது வலதுபக்கம் தெரியும் கருங்கல் குவியல்களும் தூண்டில் வளைவுகளும் அந்தச் சுவரின் பின்விளைவுகள். இவ்வளவு அனுபவத்துக்குப் பிறகும் அதே கரையில், அதே நீரோட்டத்தின் வழியில், மேலும் இரண்டு துறைமுகங்கள் எப்படி வந்தன என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடையும் புவியியலில்தான் தொடங்குகிறது.

எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் எதிரே கடலடியில் மணல்மேடுகள் உண்டு. பெரிய அலைகள் கரைக்கு வரும் முன்பே இவற்றின் மேல் உடைந்து வேகம் இழக்கும். மேட்டின் மறைவில் கரை சற்றே கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும். கப்பலுக்கு வேண்டிய ஆழமும் கரையிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. அலை குறைவு, ஆழம் அருகில், பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாததுபோலத் தெரியும் மணல்வெளியும் உப்பளமும்: துறைமுகப் பொறியாளருக்கு வேறு என்ன வேண்டும்? போதாக்குறைக்கு, கழிக்கு அந்தப் பக்கம் நிலக்கரிக்காகக் காத்திருக்கும் அனல்மின் நிலையம்.

எண்ணூர் துறைமுகத்தின் பிறப்புக்குக் காரணமே அந்த நிலக்கரிதான். தமிழ்நாடு மின்வாரியத்தின் வடசென்னை அனல்மின் நிலையத்துக்குக் கரி இறக்குவதற்காகத் திட்டமிடப்பட்டு, 1999இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2001இல் இயங்கத் தொடங்கியது. நாட்டில் கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்ட முதல் பெருந்துறைமுகம் இது. 2014இல் காமராஜர் பெயர் சூட்டப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளக் கூடாது என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதை அடுத்து, 2011இல் அந்தத் தூசும் வடக்கே நகர்ந்தது. பாரிமுனையில் வேட்டி சட்டை காயப்போட்டவர்களுக்கு அது நிம்மதி. எண்ணூர்க்காரர்கள் அந்த வழக்கை வேறு விதமாகத்தான் நினைவில் வைத்திருக்க முடியும்.

காமராஜர் துறைமுகத்தை ஒட்டி வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து கப்பல் கட்டும் தளத்தோடு உருவாக்கிய இதில் கன்டெய்னர் முனையம் 2013 வாக்கில் செயல்படத் தொடங்கியது. பின்னர் அது அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 2018இல் கைமாற்றம் முழுமையடைந்தது. அதே ஆண்டுகளில் காமராஜர் துறைமுகத்துக்குள் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் திரவ இயற்கை எரிவாயு முனையமும் எழுந்தது. 1990களின் தொடக்கம் வரை கடலுக்குள் ஒரு கல்கூடப் போடப்படாத கரையில், இன்று வரிசையாக அலைத்தடுப்புச் சுவர்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. காமராஜர் துறைமுகத்தின் வடக்குச் சுவர் மட்டுமே சுமார் 3 கி.மீ. நீளம்.

மணல் என்ன செய்யும்? தெற்குச் சுவரின் தென்புறம் தேங்கும். கடைசிச் சுவரின் வடபுறம் பட்டினி கிடக்கும். காட்டுப்பள்ளிக்கு வடக்கே காளஞ்சி, கருங்காலி தாண்டிக் கோரைக்குப்பம், வைரவன்குப்பம், சாத்தான்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று பழவேற்காடு வரை போகும் கரைதான் அந்தப் பட்டினியின் எல்லைக்குள் வருகிறது. தீவு அங்கே சில இடங்களில் சில நூறு மீட்டர் அகலமே இருக்கும். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் கழி, நடுவில் சாலை. கடல் ஒருநாள் இந்த இடுப்பை அறுத்துக்கொண்டு பழவேற்காட்டுக் கழியோடு சேர்ந்துவிடும் என்று பழவேற்காட்டு மீனவர்கள் அஞ்சுவது இதனால்தான். மணல்தீவுகள் புயலில் உடைந்து புதிய வாய் திறப்பது உலகம் முழுக்கக் கண்ட நிகழ்வு. அச்சத்தில் மிகை இல்லை.

குறுக்கே நடந்தால்

கிழக்கிலிருந்து மேற்காக இந்தத் தீவைக் குறுக்கே நடந்து கடந்தால் அதன் அமைப்பு தெளிவாகும். முதலில் ஈரமணல். அடுத்து அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கும் மணற்குன்று. அதன் சரிவில் பனையும் சவுக்கும். குன்றுகளுக்கு இடையே மழைத்தண்ணீர் நின்று வற்றும் பள்ளங்கள். பிறகு தரை தட்டையாகும், மண் வெளுக்கும், உமரி சிவப்பாகப் படர்ந்திருக்கும். கடைசியில் சேறு, கண்டல், தண்ணீர். உயர வித்தியாசம் மொத்தத்தில் சில மீட்டர்தான். ஆனால் அந்தச் சில மீட்டரில்தான் குடிதண்ணீர் இருக்கிறது.

மணற்குன்றில் விழும் மழை உள்ளே இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீரின் மேல் ஏறி உட்காரும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதால் இரண்டும் உடனே கலப்பதில்லை. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கோட்பாட்டளவில் அதற்குக் கீழே 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணீரின் அடுக்கு தாங்கும். கடலுக்கு வெகு அருகில் கையால் ஊற்றுத் தோண்டினால் இனிப்பான தண்ணீர் கிடைக்கும் அதிசயத்தின் கணக்கு இது. இந்தக் கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். குன்றை வழித்துத் தரைமட்டமாக்கி, தண்ணீர் நிற்கும் உயரத்தில் அரை மீட்டர் இழந்தால், அடியில் 20 மீட்டர் போய்விடும்.

எதிர்த்திசைக் கணக்கு எப்படி இருக்கும் என்பதற்குக் கழியைத் தாண்டிய மீஞ்சூரே சாட்சி. 1960களில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீர் எடுக்கத் தொடங்கினார்கள். உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் நிலத்துக்கடியில் மேற்கே நகர்ந்து, கிலோமீட்டர் கணக்கில் கிணறுகளை உப்பாக்கியது. கடைசியில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்க 2010இல் காட்டுப்பள்ளியிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். ஆலை நிற்பது காட்டுப்பள்ளியில், அதற்குப் பெயர் மீஞ்சூர் ஆலை. தீவின் பெயர் அதில்கூட இல்லை.

பின்பக்கம்

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி கடலைப் பற்றியது. துறைமுக விவாதங்களும் பெரும்பாலும் கடலரிப்போடு நின்றுவிடுகின்றன. எனக்கென்னவோ இந்தத் தீவின் தலைவிதி அதன் மேற்குப் பக்கத்தில், யாரும் அதிகம் படமெடுக்காத சேற்றில், எழுதப்படுகிறது என்றுதான் தோன்றுகிறது.

கொசஸ்தலையாறு சென்னைச் சுற்றுவட்டாரத்தின் மூன்று ஆறுகளில் பெரியது. பூண்டி நீர்த்தேக்கம் நிறைந்து மதகு திறந்தால், தண்ணீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி இந்தக் கழிவெளிக்குத்தான் வந்தாக வேண்டும். ஆற்றில் வெள்ளமும் கடலில் ஓதமும் ஒரே நேரத்தில் ஏறினால் முகத்துவாரத்தில் தண்ணீர் வெளியேறாது. அப்போது கழி தன் அகலத்தால் வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான ஏக்கர் சேறும் உப்பளமும் சில அடி தண்ணீரில் மூழ்கி, ஓதம் இறங்கியதும் வடியும். எண்ணூர், மணலி, மீஞ்சூர் வீடுகளுக்குள் போகாமல் தண்ணீர் காத்திருக்கும் இடம் இது. வருவாய்த்துறைப் பதிவில் புறம்போக்கு, திட்ட அறிக்கையில் பயன்படாத நிலம், ஆற்றின் கணக்கில் தவிர்க்கவே முடியாத இடம்.

முகத்துவாரம் திறந்திருப்பதும் இந்த அகலத்தைப் பொறுத்ததே. சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிதல்ல. பௌர்ணமி, அமாவாசையில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். இவ்வளவு சின்ன ஓதம் ஒரு வாயைத் திறந்து வைக்க வேண்டுமென்றால், உள்ளே ஏறி இறங்கும் தண்ணீரின் அளவு பெரிதாக இருக்க வேண்டும். கழி பரந்திருந்தால் ஒவ்வொரு இறக்கத்திலும் நிறையத் தண்ணீர் வேகமாக வெளியேறி, வாயில் சேரும் மணலை அடித்துக்கொண்டு போகும். கழியில் ஒரு பகுதியைத் தூர்த்தால் அந்த வேகம் குறையும், வாய் அடைபடும். வாய் அடைந்தால் உள்ளே உப்பின் அளவு மாறி, வெப்பம் ஏறி, இறால் குஞ்சு உள்ளே வராது; மழை வந்தால் வெள்ளமும் வெளியே போகாது. எங்கோ இரண்டு கிலோமீட்டர் தள்ளி உப்பளத்தில் கொட்டும் மண்ணுக்கும் முகத்துவாரத்து மணல்மேட்டுக்கும் இப்படி நேரடித் தொடர்பு உண்டு. திட்ட அறிக்கைகளில் இரண்டும் தனித்தனி அத்தியாயங்களாக இருப்பதுதான் சங்கடம்.

கழியின் ஆழத்தைக் குறைத்ததில் சாம்பலுக்குப் பெரும் பங்கு. வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பலைத் தண்ணீரில் கரைத்துச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குக் கொண்டுபோகும் குழாய்கள் கழியைக் கடந்து போகின்றன. ஆண்டுக்கணக்கில் அவை ஒழுகின. ஒரு காலத்தில் படகு போன இடங்களில் முழங்கால் தண்ணீரில் நடக்கலாம் என்ற நிலை வந்தது. ஆற்றுப் படுகையின் மேல் சாம்பல் நிறத்தில் படிந்திருப்பதைக் கையில் எடுத்தால், மணல்போல் உதிராமல் சுண்ணாம்புக் குழம்புபோல் விரலில் ஒட்டும். இது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம்.

இந்தச் சேற்றில் வாழ்கிறவர்களில் இருளர்களின் மீன்பிடி தனி வகை. வலை இல்லை, படகு இல்லை. ஓதம் இறங்கிய பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் அமர்ந்தபடி நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள, பனையோலையில் முடைந்த பரி. கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால் பரியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். பெண்கள் அதிகம் செய்யும் வேலை இது. அடித்தரை எப்படி மாறியிருக்கிறது என்பதை எந்த ஆய்வுக் கருவிக்கும் முன்னால் அறிந்தவை அந்தக் கைகள்தான்.

சில ஆண்டுகளாக அந்தக் கைகளில் படுவது காக்கா ஆழி. கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு தரை முழுக்கப் பாய் விரித்ததுபோல் படரும் கறுத்த சிப்பி. சொந்த ஊர் தென் அமெரிக்கக் கரை. சரக்கில்லாத கப்பல்கள் நிலைகுலையாமல் இருக்க வயிற்றில் நிரப்பிக்கொண்டு வந்து துறைமுகத்தில் கொட்டும் தண்ணீரோடு இது வந்து இறங்கியிருக்க வேண்டும் என்பது பரவலான கணிப்பு. இறாலுக்கு இளகிய சேறு வேண்டும், புதைய வேண்டும். காக்கா ஆழி மூடிய தரையில் அது முடியாது. தடவுகிற கையும் கிழியும். இங்கே ஒரு காலத்தில் ஏராளமாகக் கிடைத்த மஞ்சள் மட்டியும் அருகிவிட்டது. எண்ணூரில் தொடங்கிய இந்தச் சிப்பி கால்வாய் வழியாகப் பழவேற்காட்டு ஏரிக்கும் போய்விட்டது. இரண்டு முகத்துவாரங்களும் ஒரே நீர்வழி என்பதற்கு இதைவிடக் கசப்பான நிரூபணம் வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர்க் கழியை மூடியதும் இதே வழியில்தான். மீனவர்கள் வாளியாலும் முறத்தாலும் அதை அள்ளிக்கொண்டிருந்த காட்சி பலருக்கு ஞாபகம் இருக்கும்.

வரைபடத்திலும் இந்தப் பின்பக்கத்துக்கு ஒரு சண்டை உண்டு. கடலோர ஒழுங்குமுறை விதிகளின்கீழ் 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் எண்ணூர்க் கழி கட்டுமானத்துக்கு இடமில்லாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பிறகு அதிகாரிகள் புழக்கத்தில் வைத்திருந்த வரைபடத்தில் அந்தக் கழியே இல்லை என்று 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பெற்ற ஆவணங்களை வைத்துச் செயற்பாட்டாளர்கள் குற்றம்சாட்டினார்கள். ஆறு இருக்கும் இடத்தில் காகிதத்தில் வெற்றுநிலம் இருந்தால், அனுமதி கேட்பதும் கொடுப்பதும் எளிது.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் படிக்க வேண்டும். 330 ஏக்கரில் இருக்கும் துறைமுகத்தை 6,110 ஏக்கராகப் பெருக்கும் திட்டம். அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது. மீதியில் பெரும்பங்கு தீவும் கழிவெளியும். கடல்பக்கம் கரை முன்னே தள்ளப்பட்டால் வடக்கே மணல் பட்டினி நீளும். கழிப்பக்கம் மேடாக்கப்பட்டால் வெள்ளம் நிற்க இடம் குறையும், வாய் அடைபடும். 2021 ஜனவரியில் நடக்கவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. மறுபடி 2023 செப்டம்பருக்குக் குறிக்கப்பட்டதும் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது.

துறைமுகத்தால் ஊருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சாலை வந்தது, சிலருக்கு வேலை வந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகம் கட்டப்பட்டபோது காட்டுப்பள்ளிக் குப்பம் இருந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. அந்த ஊரில் துறைமுக ஒப்பந்த வேலை பெற்றவர்கள் பணிநிரந்தரம் கேட்டுப் பலமுறை போராடியிருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குக் கப்பல் வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய டீசல் செலவு தனி.

அரசு இப்போது இரண்டு முகத்துவாரங்களிலும் கல்சுவர் கட்டியிருக்கிறது. அடைபடும் வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது மீனவர்களே நெடுங்காலம் கேட்டது, படகு வெளியே போக வேறு வழியும் இல்லை. ஆனால் சுவர் சுவர்தான்: பழவேற்காட்டு வாயில் நீட்டிய கல்லும் வடக்கே போகும் மணலில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வாய்க்கு அடுத்த கரை ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ஏவுதளத்துக்கு முன்னால் கடல் கரையை அரிப்பதைப் பற்றிய கவலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது.